கொழிஞ்சாம்பாறை வீடும் ஆறு கடன்களும்: ஒரு தம்பதியின் பிரிவுக் கணக்கு

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் வீட்டுப் பேச்சு தமிழிலும், நில ஆதாரம் (பத்திரம்) மலையாளத்திலும், வங்கிக் கடன் பத்திரம் ஆங்கிலத்திலும் இருப்பது வழக்கம். கணவனும் மனைவியும் ஒன்றாக வாழும் வரை இந்தத் தாள்கள் எல்லாம் பீரோவுக்குள் ஒரே உறையில் கிடக்கும். யார் எதில் என்ன பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார் என்று எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பிரிவு என்ற பேச்சு எழுந்த பிறகுதான் அந்த உறை பிரிக்கப்படுகிறது. அப்போது பெரும்பாலும் சண்டை வீட்டைப் பற்றியே நடக்கும். ஆபத்தோ கடன்களில் இருக்கும்.

இங்கே விவரிக்கப்படும் நிகழ்வு, இப்பகுதிக் குடும்பங்களில் காணக்கூடிய நிலைமைகளைச் சேர்த்து அமைத்தது. எந்த ஒரு குடும்பத்தையும் அது குறிக்காது. குடும்பத்தின் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உள்ளபடி தரப்பட்டுள்ளன.

குடும்பமும் கடன்களும்

மனைவிக்கு வயது 38. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தராக 2012இல் சேர்ந்தவர். பிடித்தம் போகக் கைக்கு வருவது 41,000 ரூபாய். கணவருக்கு வயது 43. கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஒரு குட்டி யானை வண்டி வாங்கி, வேலந்தாவளம் சந்தையிலிருந்து கோவைக்குக் காய்கறி ஏற்றுகிறார். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். பிள்ளைகள் இருவரும் உள்ளூர்த் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். 2014இல் இருவர் பெயரிலும் 7 சென்ட் நிலம் வாங்கி, 2016இல் இருவரும் சேர்ந்து 18 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் எடுத்து, மாடியுடன் வீடு கட்டினார்கள்.

வீட்டுக் கடன் தவிர மேலும் ஐந்து கடன்கள் இருந்தன. கணவர் 5 லட்ச ரூபாய்ச் சிட்டி (சீட்டு) ஒன்றில் சேர்ந்து முன்னதாகவே ஏலத்தில் எடுத்திருந்தார். அதற்கு மனைவியின் சம்பளச் சான்று ஜாமீன். மாதம் 10,000 வீதம் 22 தவணை பாக்கி. வண்டிக் கடன் கணவர் பெயரில், மனைவி ஜாமீன்தாரர். பாக்கி 3 லட்சத்து 10 ஆயிரம். வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்காக மனைவியின் 22 சவரன் நகை கணவர் பெயரில் அடகு வைக்கப்பட்டிருந்தது. வட்டியுடன் 4 லட்சத்து 60 ஆயிரம். மாமனாரின் அறுவைச் சிகிச்சைக்காக மனைவி, கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தின் வழியாக வாங்கியதில் 80,000 நின்றது. ஆழ்துளைக் கிணற்றுக்கும் சுற்றுச்சுவருக்கும் மனைவியின் அண்ணனிடம் வாங்கிய கைமாற்று ஒன்றரை லட்சம். அதற்குத் தாளே கிடையாது.

இந்தப் பட்டியல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கணவர் முதலில் சொன்னது நான்கு கடன். மனைவி சொன்னதும் நான்கு. ஆனால் இரண்டு பட்டியலிலும் உள்ள நான்கும் ஒன்றல்ல. சிட்டி ஜாமீனைக் கடனாகவே மனைவி எண்ணவில்லை. மைத்துனரிடம் வாங்கியதைக் கணவர் எண்ணவில்லை. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் சொத்துகளையும் பொறுப்புகளையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்து, அதற்கான படிவத்தையும் தீர்ப்புடன் இணைத்தது. வழக்கே இல்லாவிட்டாலும் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. அதன் வரிசையில் கேள்வி கேட்டபோதுதான் ஆறு கடனும் ஒரே தாளில் சேர்ந்தன.

முதலில் கூரை

பேச்சு தொடங்கியபோது கணவர் மாடியிலும் மனைவியும் பிள்ளைகளும் கீழேயும் இருந்தார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி பரஸ்பர சம்மதத்தில் மணவிலக்குக் கேட்க, ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். வெளியே போனால்தான் அது பிரிந்து வாழ்தல் ஆகும் என்று கணவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வெளியே போனால் வீட்டில் உரிமை போய்விடும் என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டும் சரியல்ல. கணவன் மனைவியாக வாழாமல் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அது பிரிந்து வாழ்தலே என்று 1991இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆதாரத்தில் பெயர் உள்ளவர் வாடகை வீட்டுக்குப் போனதால் அவர் பங்கு அழிந்துவிடாது.

மனைவியின் பக்கத்து அச்சம் வேறு வகை. தான் இல்லாத நேரத்தில் பூட்டை மாற்றிவிடுவார்கள் என்று அவர் பள்ளிக்கு விடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். ஆதாரத்தில் அவர் பெயரும் உண்டு. பெயர் இல்லாமலிருந்தாலும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. அந்த இல்லம் கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் இவ்வுரிமை பொருந்தக்கூடும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தக் குடும்பத்தில் அந்தச் சட்டத்தை எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. எனினும் அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று இருவர் முன்னிலையிலும் ஒருமுறை சொல்லப்பட்டதுமே பூட்டைப் பற்றிய பேச்சு நின்றது.

வீட்டை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வது முதலில் எழுந்த யோசனை. பிரிவுச் செய்தி ஊரில் பரவியிருந்ததால், 34 லட்சம் பெறும் வீட்டை 26 லட்சத்துக்குக் கேட்டார்கள். பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை இரண்டும் உள்ளூரிலேயே. கணவரின் தொழிலோ சாலையில். ஆகவே மனைவி வீட்டை எடுத்துக்கொண்டு கணவருக்குப் பங்குத் தொகை தருவது என்று முடிவாயிற்று. கணவர் எல்லைக்கு அப்பால் கோபாலபுரம் பக்கம் வாடகை வீடு பார்த்தார். அங்கே செல்லுபடியாகும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது.

கட்டியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு

பேச்சு மிகவும் சூடானது வீட்டுக் கடனில்தான். எட்டரை ஆண்டுகளாக மாதம் 16,778 ரூபாய் கட்டியாயிற்று. பாதிக்கு மேல் தன் சம்பளத்தில் போனது என்று கணவர் தொழிற்சாலைக் காலத்து வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். மொத்தம் 17 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பதால் கடன் ஏறக்குறைய தீர்ந்திருக்கும் என்பதே இருவர் மனத்திலும் இருந்த எண்ணம். வங்கியின் கணக்கு அறிக்கையில் அசல் பாக்கி 14 லட்சத்து 5 ஆயிரம் என்று இருந்தது. 20 ஆண்டுக் கடனில், ஆண்டு வட்டி 9.5 சதவீதம் என்றால், முதல் எட்டரை ஆண்டுத் தவணைகளில் ஏறக்குறைய 13 லட்சம் வட்டிக்கே போய், அசலில் 4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாகவே குறையும். ஆக, யார் அதிகம் கட்டினார் என்ற வழக்கு பெரும்பாலும் வட்டியைப் பற்றிய வழக்காகவே இருந்தது. அந்த வட்டிக்கு ஈடாக இருவரும் பிள்ளைகளும் அந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். இதை எண்களோடு எழுதிக் காட்டிய பிறகு கணவர் பாதிக்குப் பாதி என்பதற்கு ஒப்புக்கொண்டார். இந்தியச் சட்டத்தில் மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்து தானாகவே சரிபாதி ஆகிவிடுவதில்லை. பத்திரத்தில் உள்ள பெயரும் பங்குமே தொடக்கம். இவர்கள் ஆதாரத்தில் பங்கு பிரித்து எழுதாமல் இருவர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தது இந்த உடன்பாட்டுக்கு உதவியது.

இதற்கிடையில் யார் கட்டுவது என்ற பிடிவாதத்தில் இரண்டு தவணை நின்றுபோயிருந்தது. இருவர் பெயரிலும் உள்ள கடனை ஒருவர் நிறுத்தினாலும் இருவரின் சிபில் (கடன் வரலாற்று) அறிக்கையிலும் அது பதிவாகும். 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன்பின், அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற இடம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு வரலாம். அறுபது சொச்சம் நாள் ஆகியிருந்த நிலையில் மனைவி இரண்டு தவணையையும் கட்டினார். கோபத்தில் தவணையை நிறுத்துவது எதிராளிக்குத் தரும் தண்டனை அல்ல. இந்த ஒரு செய்தியைப் பேச்சுவார்த்தையின் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் பின்னால் மனைவி தனியாகக் கடன் கேட்டுப் போகும்போது அதே அறிக்கையைத்தான் வங்கி பார்க்கும்.

கடன் கொடுத்தவர் உடன்படிக்கையில் இல்லை

சிட்டியும் வண்டிக் கடனும் கணவர் பொறுப்பு, குடும்பஸ்ரீயும் அண்ணன் கைமாற்றும் மனைவி பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டால் போதும் என்றே இருவரும் நினைத்தார்கள். அந்தத் தாள் அவர்கள் இருவரையும் கட்டும். கடன் கொடுத்தவரைக் கட்டாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, சேர்ந்து கடன் வாங்கியவர்களில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம்; கட்டியவர் பிறகு மற்றவரிடம் பங்கு கேட்டுக்கொள்ள வேண்டும். ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவு என்கிறது 128ஆம் பிரிவு. மணவிலக்குத் தீர்ப்பு திருமணத்தை முடிக்கும், ஜாமீனை முடிக்காது. ஆகவே எந்தக் கடன் யாருக்கு என்று பிரிப்பதைவிட, யாருடைய பெயரை எந்தக் கடனிலிருந்து எப்படி எடுப்பது என்பதே உண்மையான வேலை. அதற்குக் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

ஆறில் எதை முதலில் தொடுவது? தொகையின் அளவைப் பார்த்தால் வீட்டுக் கடன். ஆனால் அதற்கு அடமானமாக வீடு இருக்கிறது, தவணையும் ஓடுகிறது. சிட்டியில் பாக்கி 2 லட்சத்து 20 ஆயிரம்தான். கணவர் இரண்டு மாதம் தவறினால் மனைவியின் சம்பளத்தைத் தேடி வரும். இது கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டி; அதன் பாக்கியை 1968ஆம் ஆண்டு வருவாய் மீட்புச் சட்டத்தின் வழியே, நில வரி பாக்கியை வசூலிப்பதுபோல வசூலிக்க முடியும். எனவே முதல் வேலை சம்பளச் சான்றை விடுவிப்பதாயிற்று. சம்பள ஜாமீனுக்குப் பதில் நிலத்தையோ வைப்புத்தொகையையோ நகையையோ ஈடாக வைக்கச் சிட்டி நடைமுறையில் இடமுண்டு. கணவரிடம் மூன்றும் இல்லை. அவருடைய தந்தைக்கு எருத்தேம்பதியில் 40 சென்ட் தென்னந்தோப்பு உண்டு. பெரியவர் அதிகம் பேசவில்லை. “அம்மிணி சம்பளத்துல ஜப்தி வந்துதுன்னா ஊருல நா எப்படித் தலை காட்டறது? தோப்பு ஆதாரத்த எடுத்துட்டுப் போ” என்று மகனிடம் சொன்னார். ஒருகாலத்தில் தன் அறுவைச் சிகிச்சைக்காகக் கடன் எடுத்துக் கொடுத்த மருமகள் என்பதை அவர் மறக்கவில்லை. கரம் (நில வரி) ரசீது, கைவசச் சான்று, குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று), இருப்பிட வரைபடம் எல்லாம் சேர்த்துக் கொடுத்து ஜாமீன் மாற ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது.

வண்டிக் கடனில் கதவு இவ்வளவு எளிதில் திறக்கவில்லை. ஜாமீன்தாரரை விடுவிக்க வேண்டுமானால் சமமான வருமானமுள்ள இன்னொருவர் வேண்டும் என்றது நிதி நிறுவனம். கணவரின் தம்பி சம்மதித்தும் ஆவணங்கள் இழுத்துக்கொண்டே போயின. அதுவரைக்கும், தவறிய தவணையை மனைவி கட்ட நேர்ந்தால் அதைக் கணவர் ஈடு செய்ய வேண்டும் என்றும், ஒவ்வொரு மாதமும் தவணை கட்டிய ரசீதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்றும் உடன்படிக்கையில் எழுதப்பட்டது. இரண்டாவது நிபந்தனை சிறுபிள்ளைத்தனம் என்று கணவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜாமீன்தாரருக்குத் தவணை தவறிய செய்தி நோட்டீஸாக வந்து சேரும்போது மூன்று மாதம் கடந்திருக்கும்.

நகை

சீதனமாக வந்த நகை பெண்ணின் தனிச் சொத்து. நெருக்கடி காலத்தில் கணவர் அதைப் பயன்படுத்தினாலும் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 89 சவரன் பற்றிய அந்த வழக்கில் 25 லட்சம் ரூபாய் தரும்படி உத்தரவாயிற்று. எனவே நகைக் கடன் முழுவதும் கணவர் கணக்கில் சேர வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை. தகராறு எடையில் வந்தது. மனைவி கணக்கில் 22 சவரன் என்பது 176 கிராம். அடகுச் சீட்டில் மொத்த எடை 176.2, நிகர எடை 170.8 என்று இருந்தது. குறைந்த 5.4 கிராமைக் கணவர் எடுத்துவிட்டதாக அண்ணன் வீட்டில் பேச்சுக் கிளம்பியது. நிகர எடை என்பது கடன் தருவதற்காகக் கல், அரக்கு, அழுக்கு ஆகியவற்றைக் கழித்துப் போட்ட கணக்கு. பொருள் அப்படியேதான் இருக்கும். கல் வைத்த ஆரம் ஒன்றே அதில் பெரும்பகுதியை விளக்கிவிட்டது.

அடகுச் சீட்டில் பெயர் உள்ளவரிடம்தான் நகையைத் திருப்பித் தருவார்கள். மனைவி பிராவிடண்ட் ஃபண்டில் எடுத்த முன்பணத்தைக் கட்டினாலும் கணவர் வந்து கையெழுத்திட்டே ஆக வேண்டும். இருவரும் போனார்கள், கவுண்டரிலேயே ஒவ்வொன்றாக நிறுத்து, ஆரம், இரட்டைவடச் சங்கிலி, ஆறு வளையல், இரண்டு ஜோடிக் கம்மல் என்று எழுதி, கணவர் ஒப்படைத்ததாகவும் மனைவி பெற்றுக்கொண்டதாகவும் அங்கேயே கையெழுத்தானது. அந்தத் தாள் உடன்படிக்கையின் இணைப்பாகச் சேர்ந்தது.

ஒழிமுறி எப்போது?

கணக்கு இப்படி நின்றது. வீட்டின் மதிப்பு 34 லட்சம். கடன் போக 19 லட்சத்து 95 ஆயிரம். கணவரின் பாதி 9,97,500. அதிலிருந்து மனைவி மீட்ட நகைக் கடன் 4,60,000, மாமனாரின் சிகிச்சைக்காக வாங்கிய குடும்பஸ்ரீ பாக்கி 80,000, அண்ணன் கைமாற்றில் கணவரின் பாதி 75,000 ஆகியவற்றைக் கழித்தால் மனைவி தர வேண்டியது 3,82,500. இதையும் தராமல், பிள்ளைகளுக்கு வருங்காலத்தில் தான் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்றார் கணவர். கேட்பதற்கு வசதியான யோசனை. ஆனால் பிள்ளைகளின் பராமரிப்பு பிள்ளைகளின் உரிமை. தாயின் வீட்டுப் பாக்கியை அதில் நேர் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, குடும்ப நீதிமன்ற மத்தியஸ்தரும் அதை ஏற்கவில்லை. மாதத் தொகை தனியாக எழுதப்பட்டது.

மனைவி பணத்தைப் புதுக் கடனில் கண்டார். அதே வங்கி, அவருடைய சம்பளத்தை மட்டும் பார்த்து, 18 லட்சத்தை 8.75 சதவீத வட்டியில் 17 ஆண்டுக்குத் தரச் சம்மதித்தது. 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு ஓய்வு வயது 56. அதற்குள் கடன் முடிய வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. பழைய கடன் 14 லட்சத்து 5 ஆயிரம் அடைந்து, 3,95,000 மிஞ்சியது. கணவருக்குத் தந்ததுபோகச் செலவுக்கு 12,500 நின்றது. புதுத் தவணை 16,983 ரூபாய். பழையதைவிட 205 ரூபாய்தான் அதிகம். ஆனால் பதினொன்றரை ஆண்டில் முடிய வேண்டிய கடன் 17 ஆண்டாகிவிட்டது. இந்த விலை தெரிந்தே அவர் கையெழுத்திட்டார். மாறும் வட்டியில் தனிநபர் எடுக்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கிடையாது என்பதால், கையில் பணம் சேரும்போது அசலில் கட்டி ஆண்டுகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

கணவர் தன் பாதியை விட்டுத்தரும் ஒழிமுறி ஆதாரத்தை மணவிலக்குக் கிடைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பதே உறவினர்களின் யோசனை. விலக்கு கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பது அவர்கள் வாதம். ஆதாரம் எழுத்தர் இதை மறுத்தார். கேரளத்தில் விற்பனை ஆதாரத்துக்கு முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் ஆதாரத்துக்கு இதைவிட மிகக் குறைந்த தீர்வை உண்டு. கணவன், மனைவி என்ற உறவு அந்தச் சலுகைக்குள் வரும். தீர்ப்பு வந்த மறுநாள் அந்த உறவு இல்லை. 17 லட்ச ரூபாய்ப் பாதிக்கு 10 சதவீதம் என்றால் 1 லட்சத்து 70 ஆயிரம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குச் சலுகை இருப்பதால் இதே கேள்வி அங்கும் எழும். கணவரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது: வீட்டை எழுதிக் கொடுத்த பின் மனைவி சம்மதத்தைத் திரும்பப் பெற்றால்? அதனால் கூட்டு மனுவைப் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, உடன்படிக்கையை அதனுடன் இணைத்து, அதன் பிறகே பதிவு என்று வரிசை வகுக்கப்பட்டது. இரண்டாவது கட்டத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தை நீதிமன்றம் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இவர்கள் தள்ளுபடி கேட்கவில்லை. ஜாமீன் மாற்றங்களுக்கு அந்த ஆறு மாதம் தேவையாக இருந்தது.

வீடு வங்கி அடமானத்தில் இருந்ததால் ஒழிமுறிக்கு வங்கியின் எழுத்துச் சம்மதமும், புதுக் கடன் அனுமதிக் கடிதமும் முதலில் கைக்கு வந்தன. பிறகு பதிவு, பிறகு புதுக் கடன், அதில் பழைய கடன் முடிவு என்று நடந்தது. முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு வங்கிக்குப் போயிருந்தால், வீடு முழுவதும் மனைவி பெயரிலும் கடன் இருவர் பெயரிலுமாகக் கணவர் மாட்டிக்கொண்டிருப்பார். வருமான வரிப் பக்கத்தையும் ஆடிட்டரிடம் காட்டினார்கள். வருமான வரிச் சட்டம், துணைவருக்குப் போதிய விலை வாங்காமல் கொடுத்த சொத்தின் வருமானத்தைக் கொடுத்தவர் கணக்கில் சேர்க்கிறது. பிரிந்து வாழும் உடன்படிக்கையின்படி கொடுத்தது அதற்கு விலக்கு. மனைவி நாளை மாடியை வாடகைக்கு விட்டால் இது பயன்படும் என்பதால், ஒழிமுறியிலேயே அந்த உடன்படிக்கையின் தேதி குறிப்பிடப்பட்டது. கணவர் பங்குத் தொகை பெற்றதால் மூலதன ஆதாய வரி எழுமா என்பதற்கு ஆடிட்டர் தனிக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

உடன்படிக்கை ஆங்கிலத்தில் தட்டச்சாகி வந்தது. கையெழுத்துக்கு முன் அதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று மனைவி கேட்டார். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தின் வழக்கறிஞர் பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னார். அப்போதுதான் வண்டிக் கடன் பத்தியில், கணவர் தவறினால் ஈடு தர வேண்டிய கெடு விடுபட்டிருப்பது தெரிந்தது. 15 நாள் என்று பேனாவால் சேர்த்து இருவரும் ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்கள்.

தீர்ப்புக்குப் பின் சிறு வேலைகள் நின்றன: கிராம அலுவலகத்தில் போக்குவரவு (நிலவரிப் பதிவில் பெயர் மாற்றம்), ஊராட்சியில் கட்டட உரிமை மாற்றம், மின் இணைப்பின் பெயர், காப்பீட்டிலும் பிராவிடண்ட் ஃபண்டிலும் நியமனதாரர் மாற்றம். குடும்பஸ்ரீ பாக்கியை மனைவி வாரத் தவணையில் கட்டி வருகிறார். அண்ணனின் ஒன்றரை லட்சத்துக்கு முதன்முறையாக ஒரு புரோநோட்டு எழுதப்பட்டது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டுக் கெடு என்பதும் அண்ணனுக்குச் சொல்லப்பட்டது. வண்டிக் கடனிலிருந்து மனைவியை விடுவித்து, தம்பியை ஏற்கும் கடிதம் தீர்ப்பு வந்து நாலாவது மாதம் கிடைத்தது. அதுவரை ரசீதுப் படங்கள் மாதம் தவறாமல் வந்தன. ஒரு மாதம் மட்டும் ஒன்பது நாள் தாமதம்.